பத்து மைக்ரானில் நடந்த இடமாற்றம்: 9000 மணி நேரம் ஓடிய ஒரு மின்பகுப்புச் செல்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஐரோப்பிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தில் ஒரு பீங்கான் செல் 9000 மணி நேரத்துக்கு மேல் நீராவியைப் பிளந்து ஹைட்ரஜன் கொடுத்தது. வெப்பநிலை ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸ். மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர். ஓட்டம் முடிந்த பிறகு அந்தச் செல்லை யூலிஷ் ஆய்வு மையத்தில் வெட்டி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஓடிய கதை 2012இலும், வெட்டிப் பார்த்த கதை 2013இலும் வெளிவந்தன. உயர்வெப்ப மின்பகுப்பில் மின்முனை எப்படிப் பழுதாகிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தச் செல்லைத்தான்.

நான் ஓசூரில் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். கியர் பல் உடைந்தாலும், வால்வு விரிசல் விட்டாலும், ஸ்பிரிங் முறிந்தாலும் துண்டு எங்கள் மேசைக்கு வரும். வெட்டுவோம், பாலிஷ் போடுவோம், மைக்ராஸ்கோப்பில் பார்த்து ‘இதனால் போச்சு’ என்று எழுதிக் கொடுப்போம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்த பிறகு சிப்காட் பக்கமும் எலக்ட்ரோலைசர், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி, பற்றிய பேச்சு அடிபடுகிறது. பேச்சு பெரும்பாலும் ‘கிலோவுக்கு எத்தனை யூனிட்’ என்பதோடு முடிந்துவிடும். அதே யூனிட்டில் எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

நடுவில் யிட்ரியா கலந்த சிர்க்கோனியா. ஆக்சிஜன் அயனியை மட்டும் விடும், வாயுவையும் எலக்ட்ரானையும் விடாத அடர்த்தியான பீங்கான். இந்த வகைச் செல்லில் அதன் தடிமன் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பக்கம் நீராவி நுழைகிற மின்முனை: நிக்கலும் அதே சிர்க்கோனியாவும் கலந்து, துளை விட்டுச் சுட்டது. மறுபக்கம் ஆக்சிஜன் வெளியேறுகிற மின்முனை: லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு நான்கும் சேர்ந்த ஆக்சைடு. அந்த ஆக்சைடு சிர்க்கோனியாவை நேரடியாகத் தொட்டால் இரண்டும் வினைபுரிந்து கெட்டுவிடும் என்பதால் இடையில் கடோலினியம் கலந்த சீரியா ஒரு மெல்லிய தடுப்பாக நிற்கும்.

செல்லைத் தயாரிக்கும்போது நிக்கல் மின்முனையில் இருப்பது நிக்கல் ஆக்சைடுதான். முதல்முறை சூடேற்றி ஹைட்ரஜன் விடும்போது ஆக்சைடு உலோகமாக மாறும். அப்போது அதன் கன அளவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. அந்தச் சுருக்கம் விட்டுப்போகும் இடைவெளிகள்தான் பிறகு வாயு போய்வரும் துளைகளில் பெரும்பங்கு.

வினை நடக்க மூன்று வழியும் ஓர் இடத்தில் கூடவேண்டும். நீராவி துளை வழியாக வரவேண்டும். எலக்ட்ரான் நிக்கல் வழியாக வரவேண்டும். பிரிந்த ஆக்சிஜன் அயனி சிர்க்கோனியா வழியாகப் போகவேண்டும். இந்த மூன்றும் தொட்டுக்கொள்ளும் கோட்டை முக்கட்ட எல்லை என்கிறார்கள். நிக்கல் துணுக்கு அந்த இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்துத் துணுக்கோடும், அது அதற்கடுத்ததோடும் தொடர்பில் இருந்து, மின்சாரம் வருகிற பக்கம் வரை வழி இருக்கவேண்டும். இன்னொன்று, துளை நிறைந்த சிர்க்கோனியாவில் அயனி வெகுதூரம் போகச் சிரமப்படும். அதனால் மின்முனை நூற்றுக்கணக்கான மைக்ரான் தடிமனாக இருந்தாலும், உண்மையில் உழைப்பது நடுப்பீங்கானை ஒட்டிய சுமார் 10 மைக்ரான்தான். மற்றதெல்லாம் தாங்குவதற்கும் மின்சாரத்தைக் கடத்துவதற்கும்.

இவ்வளவு சூட்டில் ஏன் ஓட்டவேண்டும்? கணக்கு எளிது. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு, செல்லில் விழும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட் மின்சாரம் போகும். சாதாரண வெப்பநிலையில் தண்ணீரைப் பிளக்க, வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், 1.48 வோல்ட் வேண்டும்; நடைமுறையில் 1.8 வோல்ட், அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். 800 டிகிரியில் நீராவியாகக் கொடுத்தால் 1.29 வோல்ட்டிலேயே வெப்பக் கணக்கு சரியாகிவிடும், அதாவது கிலோவுக்கு 34 யூனிட் சொச்சம். நீராவியாக்கும் வெப்பம் தனி. பக்கத்தில் எங்காவது கழிவு வெப்பம் கிடைத்தால் அதுவும் இலவசம். ஆசை காட்டுகிற எண்தான். அதே சூடுதான் மின்முனைக்குக் கேடாகவும் வருகிறது.

வெளியே தெரிந்த அறிகுறி

சோதனையில் மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்றால் நிமிடத்துக்கு 7 மில்லி ஹைட்ரஜன் வரும். செல் நன்றாக இருந்தாலும் கெட்டாலும், ஒழுக்கு இல்லாதவரை, அந்த 7 மில்லி மாறாது. மாறுவது வோல்ட்டேஜ்தான். அதே வேலைக்குக் கூடுதல் வோல்ட் கேட்க ஆரம்பித்தால் செல் தேய்கிறது என்று அர்த்தம்.

இந்தச் செல்லில் வோல்ட்டேஜ் சராசரியாக 1000 மணி நேரத்துக்கு 3.8 சதவீதம் ஏறியது. ஒன்பது ஆயிரங்களுக்கு நேர்க்கோட்டில் கணக்குப் போட்டால் தொடக்க வோல்ட்டேஜில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஒரு வருஷச் சோதனைக்குத் தாங்கியது பெரிய விஷயம்தான். ஆலையில் ஐந்தாறு வருஷம் ஓட்ட இது போதாது.

செல்லின் மின்தடையை மாறுதிசை மின்சாரம் கொடுத்துப் பகுத்துப் பார்க்கலாம். வினை நடப்பதில் உள்ள மந்தம் ஒரு பகுதியாகவும், வெறும் கடத்தலில் உள்ள தடை இன்னொரு பகுதியாகவும் பிரிந்து தெரியும். இங்கே பெரும்பாலும் கூடியது இரண்டாவது, அதாவது ஓமிக் தடை. அதைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது ‘நடுப்பீங்கான் கெட்டிருக்கும், அல்லது எங்கோ தொடர்பு விட்டிருக்கும், மின்முனைக்கு ஒன்றும் ஆகியிருக்காது’ என்பதுதான். இந்த நிகழ்வில் நான் மிகவும் ரசிப்பது இந்த இடம். மின்முனையின் நோய், நடுப்பீங்கானின் நோய் போல வேஷம் போட்டு வந்திருந்தது. வெட்டாமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

வெட்டுவதிலேயே ஏமாறலாம்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது என் தொழில்.

இரும்புத் துண்டை வெட்டிப் பாலிஷ் போடுவது ஒன்று, துளை நிறைந்த நிக்கல்–சிர்க்கோனியா கலவையைப் போடுவது வேறு. முதல் சிக்கல் ஆறவைப்பதில் வரும். 780 டிகிரியிலிருந்து இறக்கும்போது ஹைட்ரஜன் சூழல் விட்டுப்போனால் நிக்கல் மறுபடி ஆக்சைடாகி 70 சதவீதம் வரை பருக்கும். அது சிர்க்கோனியாச் சட்டகத்தையே பிளந்துவிடும். பிறகு பார்க்கிற விரிசல் ஓட்டத்தில் வந்ததா, ஆறும்போது வந்ததா என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, துளைகள். பிசினை வெற்றிடத்தில் வைத்து உள்ளே இறக்காமல் எமரி பேப்பரில் தேய்த்தால், பிடிமானம் இல்லாத துணுக்குகள் பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்த இடம் கருப்பாகத் தெரியும். நிக்கல் நகர்ந்துபோன இடமும் கருப்பாகத்தான் தெரியும். இரண்டையும் பிரிக்க, துளைக்குள் பிசின் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்: பிசின் நிறைந்திருந்தால் அது வெட்டுவதற்கு முன்பே இருந்த துளை. வெறும் பள்ளமாக இருந்தால் நம் கைவேலை. மூன்றாவது, நிக்கல் மென்மையான உலோகம், சிர்க்கோனியா கடினமானது. டைமண்ட் பேஸ்ட்டில் அழுத்தித் தேய்த்தால் நிக்கல் இழுபட்டுப் பக்கத்துத் துளையை மூடிக்கொள்ளும். அறுந்துபோன இரண்டு துணுக்குகள் கைகோத்தது போலத் தெரியும்.

நிக்கல் துணுக்கு இருக்கிறது, ஆனால் மின்தொடர்பில் இருக்கிறதா என்பதைப் பார்க்க ஓர் அழகான உத்தி உண்டு. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்துக்காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் முடுக்கு வோல்ட்டேஜை 1 கிலோவோல்ட் அளவுக்கு இறக்கிவிட்டால், தொடர்பில் உள்ள நிக்கல் பளிச்சென்று வெள்ளையாக எரியும். தனித்துவிடப்பட்ட நிக்கல் மங்கலாகிச் சிர்க்கோனியாவோடு கலந்துவிடும். ஒரே உலோகம், ஒரே படம், ஆனால் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். தட்டையான படம் போதாது என்றால், அயனிக் கற்றையால் மெல்ல மெல்லச் சீவி, ஒவ்வொரு சீவலையும் படமெடுத்து, முப்பரிமாணமாக அடுக்கலாம். எரிபொருள் செல்லின் (இதே வகைச் செல்லைத் திருப்பி ஓட்டி, ஹைட்ரஜனைக் கொடுத்து மின்சாரம் எடுப்பது) நிக்கல் மின்முனையை அப்படி முதலில் அடுக்கிக் காட்டியது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, 2006இல்.

வெட்டுமுகத்தில் கண்டவை

யூலிஷில் வெட்டிப் பார்த்தபோது செல் ஒரே இடத்தில் கெட்டிருக்கவில்லை. நடுப்பீங்கானில், சிர்க்கோனியாத் துகள்களின் எல்லைக்கோடுகளை ஒட்டி நுண்துளைகள் விழுந்திருந்தன. ஆக்சிஜன் மின்முனைப் பக்கம், ஸ்ட்ரான்சியம் தடுப்பைத் தாண்டிவந்து சிர்க்கோனியாவோடு சேர்ந்து ஸ்ட்ரான்சியம் சிர்க்கோனேட்டாகியிருந்தது. அது அயனியை விடாது. இந்த இரண்டும் ஓமிக் தடையைக் கூட்டக்கூடியவை என்பதை மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, நிக்கல் மின்முனை. நடுப்பீங்கானை ஒட்டிய பகுதியில் நிக்கல் குறைந்து துளை கூடியிருந்தது. அதாவது, உழைக்கவேண்டிய அந்த 10 மைக்ரானிலிருந்து நிக்கல் வெளியேறி, வெறும் சிர்க்கோனியாச் சட்டகம் நின்றது.

இது எப்படி ஓமிக் தடையாக வேஷம் போடும்? நிக்கல் பின்வாங்கினால் வினை நடக்கும் இடமும் பின்வாங்கும். அங்கே பிரிந்த ஆக்சிஜன் அயனி நடுப்பீங்கானை அடைய, நிக்கல் விட்டுப்போன பகுதியைச் சிர்க்கோனியாச் சட்டகம் வழியாகவே கடக்கவேண்டும். நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சூட்டில் அடர்த்தியான சிர்க்கோனியா 10 மைக்ரான் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தடை 0.03 ஓம் அளவு வரும். சட்டகமோ பாதிக்குமேல் வெற்றிடம், வழியும் கோணல்மாணல். அதன் கடத்தல் ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் தடை 0.15 ஓம். 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் அது 0.15 வோல்ட். கிலோவுக்கு 4 யூனிட் கூடுதல் செலவு, வெறும் 10 மைக்ரான் நிக்கல் இடம் மாறியதற்கு.

நிக்கல் ஏன் நகர்ந்தது

தர்மபுரியில் வேதியியல் சொல்லித்தரும் நண்பர் ஒருவரிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “சார், நிக்கல் உருகுறதே 1455 டிகிரியில. 780ல திடமா இருக்கிற உலோகம் எப்படி சார் எழுந்து நடக்கும்?”

உருக வேண்டியதில்லை. கெல்வினில் கணக்குப் போட்டால் 780 டிகிரி, நிக்கலின் உருகுநிலையில் 60 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பாதியைத் தாண்டினாலே உலோகத்தின் மேற்பரப்பு அணுக்கள் தாராளமாக நகரும். சின்னத் துணுக்குகள் கரைந்து பெரிய துணுக்குகள் பருக்கும். சிர்க்கோனியா 2700 டிகிரி வரை உருகாது என்பதால் சட்டகம் அசையாமல் நிற்கும், நிக்கல் மட்டும் அதற்குள் உருண்டு திரளும். ஆனால் இந்தத் திரட்சி எரிபொருள் செல்லாக ஓட்டினாலும் நடக்கும், மின்பகுப்பில் ஓட்டினாலும் நடக்கும். ஆரம்பத்தில் வேகமாக இருக்கும், பிறகு தணியும். மின்முனையின் ஆழம் முழுக்கவும் நடக்கும். நம் செல்லில் நடந்தது அப்படியல்ல. ஒரு பக்கம் மட்டும் காலியாகியிருக்கிறது. அதனால் வெறும் திரட்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட முடியாது.

அடுத்த சந்தேகம் ஆவி. நீராவி அதிகமுள்ள இடத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆவியாகக் கிளம்பும். நீராவி கூடினால் ஆவி கூடும், ஹைட்ரஜன் கூடினால் ஆவி குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திசை உதைக்கிறது. மின்பகுப்பில் நடுப்பீங்கானை ஒட்டிய இடத்தில்தான் நீராவி தீர்ந்து ஹைட்ரஜன் பெருகுகிறது. அதாவது ஹைட்ராக்சைடு ஆவி அங்கேதான் குறைவு. ஆவி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தானே போகும்? அப்படியானால் நிக்கல் வெளியிலிருந்து நடுப்பீங்கானை நோக்கி வந்து சேர்ந்திருக்கவேண்டும். வெட்டுமுகத்தில் தெரிவதோ நேரெதிர். ஆவிக் கணக்கு தனியாக நின்றால் இந்த வழக்கில் தோற்றுவிடுகிறது. இந்த முரண்பாட்டை முகத்துக்கு நேரே வைத்து, தன் பழைய விளக்கத்தையே திருத்தி எழுதியவர் டென்மார்க்கின் மோகன்ஸ் மோகன்சன். அவர் குழுவின் திருத்திய கருதுகோள் 2021இல் வந்தது.

மூன்றாவது விளக்கத்தில் மின்னழுத்தம் உள்ளே வருகிறது. நடுப்பீங்கானை ஒட்டிய இடத்தில்தான் மின்முனையின் அதிகப்படி மின்னழுத்தம், அதாவது வினையை ஓட்டக் கூடுதலாகச் செலவாகும் மின்னழுத்தம், உச்சத்தில் இருக்கும். ஆக்சிஜன் மிகவும் வறண்டுபோன அந்தச் சூழலில் சிர்க்கோனியாவின் மேற்பரப்பே மாறுகிறது, நிக்கல் அதன்மேல் படிந்து ஒட்டும் தன்மையும் மாறுகிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் நிற்பது போல நிக்கல் குவிந்து உருண்டு, பிடிமானம் குறைந்து நிற்கும். ஆழம் போகப் போக ஒட்டும் தன்மை வேறாக இருப்பதால், நன்றாக ஒட்டும் பக்கமாக அணுக்கள் மேற்பரப்பு வழியாக நகரும். முதலில் தொடர்பு அறும், பிறகு அறுந்த துணுக்கு இடம்பெயரும். ஒட்டும் தன்மை முதன்மையா, மின்னழுத்தச் சரிவு நேரடியாகத் தள்ளுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. எனக்கு ஒட்டும் தன்மை வாதம் கூடுதலாகப் பிடிபடுகிறது; காரணம், மின்னோட்டம் குறைவாக ஓடிய செல்களில் இந்தக் காலியான பட்டை தெரிவதில்லை அல்லது மிக மெல்லியதாகவே தெரிகிறது.

இதற்கு ஓர் ஒப்பீடும் இருக்கிறது. அதே யூலிஷில், நிக்கல்–சிர்க்கோனியா மின்முனை கொண்ட ஓர் எரிபொருள் செல் அடுக்கு 2007இல் தொடங்கி 1,00,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. வெப்பநிலை 700 டிகிரி, மின்னோட்டம் 0.5 ஆம்பியர் அளவு, திசை எதிர்த்திசை. சூடு, மின்னோட்டம், திசை மூன்றும் வேறு என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. இருந்தாலும் நிக்கல் தானாகவே ஓடுகிற உலோகம் இல்லை, ஓட்டுகிற சூழலில்தான் ஓடுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

போர் தண்ணீர் விஷயம்

இங்கே பக்கத்துத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் தம்பி ஒருவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். “அண்ணா, நம்ம பக்கம் பாய்லர் டியூப்ல கண்ணாடி மாதிரி படியும், சிலிக்கா. அது அந்தச் செல்லுக்குள்ள போனா என்ன ஆகும்?”

அவர் ஊருக்குத் தகுந்த கேள்வி அது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டும் பாறை நிலம். கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பாறை நிலத் தண்ணீரில் சிலிக்கா லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் இருப்பது சாதாரணம்.

சிலிக்கா நிக்கல் மின்முனைக்குப் பழைய எதிரி. ரிசோவில் ஆன் ஹௌக்கும் அவருடைய குழுவும் 2000களின் பின்பகுதியில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அங்கே அது தண்ணீரிலிருந்து வரவில்லை. செல்லை மூடுகிற கண்ணாடிப் பூச்சிலிருந்து வந்தது. சூடான நீராவி கண்ணாடியிலுள்ள சிலிக்காவை ஆவியாகக் கிளப்பி எடுத்துவந்து, நீராவி தீர்கிற இடத்தில், அதாவது சரியாக அந்த முக்கட்ட எல்லையில், படியவிட்டுவிடும். ஓட்டம் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே வோல்ட்டேஜ் எகிறும். வினை மந்தப்படும் பகுதியில்தான் தடை கூடும். நம் 9000 மணி நேரச் செல்லின் நோய் மெதுவாக, மாதக்கணக்கில், ஓமிக் பகுதியில் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் வழியாக வந்தால் எவ்வளவு வரும்? ஒரு சதுர சென்டிமீட்டர், 1 ஆம்பியர், 9000 மணி நேரம் என்று வைத்தால் 338 கிராம் ஹைட்ரஜன். அதற்குப் பிளந்த தண்ணீர் மட்டும் 3 லிட்டர். அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் சிலிக்கா இருந்து, எல்லாம் செல்வரை வந்துவிட்டால் 3 மில்லிகிராம். ஒரு சதுர சென்டிமீட்டரில் அந்த உழைக்கும் 10 மைக்ரான் அடுக்கின் மொத்த எடையே சுமார் 5 மில்லிகிராம்தான். எல்லாச் சிலிக்காவும் அங்கே போய் உட்காராது, சரி. குறைந்த அழுத்தத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் சிலிக்கா பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிடும். நீராவியோடு தெறித்துப்போகும் துளிதான் சுமந்துபோகும். ஆனாலும் அளவுகள் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

“ஆர்.ஓ. போட்டுட்டா போதாதா அண்ணா?” என்றார். ஆர்.ஓ. மட்டும் போதாது. அதற்குப் பிறகு அயனி நீக்கும் ரெசின் வேண்டும். கடத்துதிறன் மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. சிலிக்கா அயனியாக அதிகம் பிரியாது, கூழ்ம வடிவில் இருந்தால் பிரியவே பிரியாது. மீட்டர் ‘சுத்தம்’ என்று காட்டும்போதே அது நழுவிப் போய்க்கொண்டிருக்கும். ரெசின் தீரும்போது முதலில் தப்பித்து வருவதும் சிலிக்காதான். பாய்லர்காரர்களுக்கு இது பாலபாடம். எலக்ட்ரோலைசர் பேசுகிறவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டால் நல்லது.

பிறகு வந்த செல்கள்

இந்தச் செல்லுக்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008இல் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 720 செல்களைச் சேர்த்து, 15 கிலோவாட் அமைப்பாக, 1080 மணி நேரம் ஓட்டியது. உற்பத்தி நாளாக ஆகச் சரிந்தது. அந்தக் காலத்துச் செல்களில் ஆக்சிஜன் மின்முனை உரிந்து வருவதுதான் முதல் தலைவலி: எல்லையில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறி அடுக்கையே பெயர்த்துவிடும். அந்தப் பக்கத்துப் பொருளை மாற்றிய பிறகு அது வெகுவாக அடங்கியது. அதன்பின்தான் நிக்கல் பக்கத்துக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது.

9000 மணி நேரச் செல்லுக்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு எனக்கு முக்கியம். டென்மார்க்கில் கிறிஸ்டோபர் கிரேவ்ஸ் குழு ஒரே வகைச் செல்லை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தது. ஒன்றை நிற்காமல் 1 ஆம்பியரில் மின்பகுப்பு. இன்னொன்றை மின்பகுப்பு, எரிபொருள் செல் என்று மாற்றி மாற்றி. நிற்காமல் ஓடியது மோசமாகக் கெட்டது. மாற்றி ஓட்டியது 4000 மணி நேரத்துக்குப் பிறகும் கிட்டத்தட்ட கெடவில்லை. பகலில் சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன், இரவில் அதே செல்லில் மின்சாரம் என்று யோசிப்பவர்களுக்கு இனிப்பான செய்தி. ஆனால் ஹைட்ரஜன் மட்டும் வேண்டும் என்கிற ஆலைக்கு, பாதி நேரம் செல்லைத் திருப்பி ஓட்டு என்பது மருந்தே இல்லை.

இரண்டாவது, கார்ல்ஸ்ரூவின் அதே குழு வேறு வகைச் செல்லை 23,000 மணி நேரம் ஓட்டியது. மின்னோட்டம் 0.9 ஆம்பியர். வோல்ட்டேஜ் ஏற்றம் 1000 மணி நேரத்துக்கு 0.57 சதவீதம்தான். அதில் நடுப்பீங்கான் தடிமனானது, அதுவே செல்லைத் தாங்கியது. ஹைட்ரஜன் பக்கம் நிக்கலோடு கலந்தது கடோலினியம் சேர்த்த சீரியா. சீரியா அந்தச் சூழலில் அயனியையும் எலக்ட்ரானையும் இரண்டையும் கடத்தும். அதன் மேற்பரப்பிலேயே வினை நடக்கும். நிக்கல் கொஞ்சம் நகர்ந்தாலும் வேலை நிற்காது. நிக்கலைக் கட்டிப்போட முயல்வதைவிட, நிக்கல் போனாலும் பரவாயில்லை என்று மின்முனையை அமைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். கடத்தல் குறைந்த தடிமனான பீங்கானுக்காகச் சூட்டைக் கூட்டவேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

எண்ணை எப்படி வாங்குவது

‘1000 மணி நேரத்துக்கு இத்தனை சதவீதம்’ என்று விற்பனைத் தாளில் வரும் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எந்த மின்னோட்டத்தில் ஓட்டினார்கள், நீராவியில் எத்தனை பங்கு பிளந்தது, முதல் சில நூறு மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்தார்களா, ஓட்டிய செல்லை வெட்டினார்களா, வெட்டியிருந்தால் நடுப்பீங்கானிலிருந்து எத்தனை மைக்ரான் வரை தொடர்புள்ள நிக்கல் இல்லை: இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத சதவீதம் எனக்குப் பயன்படாது. கடைசிக் கேள்விக்கு ‘அளக்கவில்லை’ என்று பதில் வந்தால் சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகப்படுவேன். ஏனென்றால் நிக்கல் பின்வாங்குவதும், பிடிமானம் அறுவதும் கொஞ்ச காலம் வோல்ட்டேஜில் பெரிதாகத் தெரியாமலே நடக்கக்கூடும்.

ஓசூரில் நாங்கள் பழகிய வழி, பாகத்தைச் சீக்கிரம் கெடுத்துப் பார்ப்பது. பூச்சு எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரிய உப்புப் புகைக் கூண்டில் சில நூறு மணி நேரம் வைப்போம். இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்றார் தர்மபுரி நண்பர். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் பாதி நாளில் விடை வந்துவிடாதா? வராது. மின்னோட்டத்தை ஏற்றினால் அதிகப்படி மின்னழுத்தம் ஏறும். குறைந்த மின்னோட்டத்தில் எழாத நிக்கல் நகர்வு அங்கே எழுந்துவிடும். அப்போது நாம் பார்ப்பது அதே நோயின் வேகமான வடிவம் இல்லை, வேறு நோய். சூட்டை ஏற்றினால் திரட்சி வேகமாகும், ஆனால் அதிகப்படி மின்னழுத்தம் குறைந்துவிடும். அதுவும் படத்தைக் கெடுக்கும்.

எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, ஒரே தொகுப்பில் செய்த பல செல்களை, ஓட்டப்போகிற அதே மின்னோட்டத்தில், அதே தண்ணீரில் ஒன்றாகத் தொடங்கி, 500, 1000, 2000, 4000 மணி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வெட்டுவது. ஹைட்ரஜன் சூழலிலேயே ஆறவிட்டு, பிசினை வெற்றிடத்தில் இறக்கி, குறைந்த வோல்ட்டேஜில் படமெடுத்து, வெள்ளையாக எரியும் நிக்கல் நடுப்பீங்கானிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்று ஒவ்வொரு செல்லிலும் அளந்துகொள்ளலாம். ஓட்டாத செல் ஒன்றையும், ஹைட்ரஜன் விட்டு நிக்கல் ஆக்சைடை உலோகமாக்குவதோடு நிறுத்தி, வெட்டி வைத்துக்கொள்ளவேண்டும். அது இல்லாமல் மற்ற படங்களுக்கு அளவுகோல் கிடையாது.